சுவாமியின் தந்தை ஆர்.கே.நாராயண்

1930-ம் ஆண்டு விஜயதசமி நாள். பெங்களூரில் பாட்டியுடன் தங்கியிருந்த ஓர் இளைஞர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தார். குழந்தைகளுக்கு ஏடு தொடங்கும் நாள் அல்லவா? எழுத்து வேலையை ஆரம்பிக்க ஏற்ற நாள் என்று பாட்டி பார்த்துச் சொல்லியிருந்தார்.

இளைஞருக்கு 24 வயது நடந்துகொண்டிருந்தது. மைசூர் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. முடித்தவர். உத்தியோகம் கிடையாது. நாவல் எழுதியே பிழைப்பது என்று முடிவு கட்டியிருந்தார். இங்கிலீஷில் கதை எழுதிக் குடும்பம் நடத்திய இந்தியர் என்று அந்தக் காலத்தில் ஒருவரைக் காட்டுவது கஷ்டம்.

பேனாவும் கையுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தவரின் மனக்கண்ணில் ஒரு சின்ன ரயில் நிலையம் தோன்றியது. அந்த நிலையத்தின் பெயர் மால்குடி. எந்தப் படத்திலும் இல்லாத ஊர். எந்த வண்டியும் போய்ச் சேராத ஊர். பிற்காலத்தில் மல்லேசுவரத்தின் தலையையும் பசவனகுடியின் வாலையும் ஒட்டவைத்துச் செய்த பெயர் அது என்று பெங்களூர்வாசிகள் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் தானாகவே வந்தது என்பதே அவர் கட்சி.

அந்த ஊரில் முதன்முதலாகக் குடியேறியவன் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். திங்கட்கிழமை என்றால் வயிற்றைக் கலக்கும் பையன். பெயர் சுவாமிநாதன். அவனைப் பெற்ற அந்த இளைஞர்தான் ஆர்.கே.நாராயண்.

புரசைவாக்கத்துப் பேரன்

முதல் எழுத்தான ஆர், ராசிபுரத்தைக் குறிக்கும். சேலம் சீமையிலிருந்து வந்த குடும்பம். நாராயண் பிறந்தது 1906-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி, சென்னையில். தந்தை கிருஷ்ணசாமி அய்யர் மைசூர் சமஸ்தானத்துக் கல்வி இலாகாவில் தலைமை ஆசிரியர். சன்னபட்டணம், ஹாசன், மைசூர் என்று ஊர் ஊராக மாற்றலாகிப் போகிற உத்தியோகம். வேலைக்காக எல்லை தாண்டி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் பாடு புதிதல்ல.

தாயார் ஞானாம்பாள் சதுரங்கம் ஆடுவதில் கெட்டிக்காரர். அடுத்தடுத்துக் குழந்தைகள் பிறக்கவே, நாராயணைச் சென்னையில் பாட்டி வீட்டில் விட்டார்கள். புரசைவாக்கம் வெள்ளாளத் தெருவில் இருந்தது அந்த வீடு. பேரனுக்குப் பாட்டி வைத்த செல்லப் பெயர் குஞ்சப்பா. வாய்ப்பாடு, புராணக் கதை, சங்கீதம், சமஸ்கிருத சுலோகம் எல்லாவற்றையும் பாட்டியே சொல்லிக் கொடுத்தார். சுலோகம் ஒப்பித்தால்தான் ராத்திரிச் சாப்பாடு கிடைக்கும் என்கிற மாதிரிக் கண்டிப்பு. விளையாட்டுத் துணைக்கு ஒரு மயில், ஒரு குரங்கு. வீட்டில் வேறு குழந்தைகள் இல்லாததால் பையன் தனக்குத்தானே கதை கட்டிக்கொண்டு வளர்ந்தான்.

தாய்மாமன் டி.என்.சேஷாசலம் தமிழில் ஊறியவர். கலாநிலையம் என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தியவர். கம்பனை மருமகன் படிக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அது உடனே பலிக்கவில்லை. பல வருஷங்கள் கழித்து, 1972-ம் ஆண்டில், கம்பராமாயணத்தை வைத்து நாராயண் இங்கிலீஷில் ஒரு ராமாயணம் எழுதி வெளியிட்டார்.

படித்தது லுத்தரன் மிஷன் பள்ளிக்கூடம். வேதபாட வகுப்பில் இந்து சாமிகளைக் கேலி செய்யும் வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டு விழித்த அனுபவம் அவருக்கு உண்டு. சுவாமியின் கதையில் வருகிற எபனேசர் வாத்தியார் அங்கேயிருந்து வந்தவர்தான்.

இங்கிலீஷில் தோல்வி

உயர்நிலைப் பள்ளி வயதில் நாராயண் மைசூருக்கு வந்து சேர்ந்தார். தந்தை மகாராஜா உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகி இருந்தார். வீட்டில் அப்பா, பள்ளியில் ஹெட்மாஸ்டர்! தப்பிக்க இடமே இல்லை. ஆனால் ஒரு லாபம் இருந்தது. பள்ளி நூலகத்துக்கு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் பத்திரிகைகள் கைக்கு எட்டின. சிறுவர்களுக்கான வீரசாகசக் கதைகள் நிறைந்த பாய்ஸ் ஓன் பேப்பர் அவற்றில் ஒன்று. டிக்கன்ஸ், ஸ்காட், கானன் டாயில், வோட்ஹவுஸ் என்று கிடைத்ததையெல்லாம் படித்துத் தள்ளினார்.

இவ்வளவு படித்தவர் சர்வகலாசாலை நுழைவுப் பரீட்சையில் தோற்றார். எந்தப் பாடத்தில்? இங்கிலீஷில்!

வீட்டில் ஒரு வருஷம் சும்மா இருக்க நேர்ந்தது. கையில் ஒரு புத்தகத்தோடு குக்கரஹள்ளி ஏரிக்கரையைச் சுற்றுவது, வீடு திரும்பி மறுபடி படிப்பது. பரீட்சைக்குப் படித்த வருஷங்களைவிட அந்தச் சும்மா இருந்த வருஷம்தான் அவரை எழுத்தாளர் ஆக்கியது என்று சொன்னால் தப்பில்லை. அதன் பிறகு கல்லூரியில் சேர்ந்து, இழுத்துப் பறித்து 1930-ல் பட்டம் வாங்கினார். 1976-ல் அதே மைசூர்ப் பல்கலைக்கழகம் அவருக்குக் கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இங்கிலீஷ் பேப்பரைத் திருத்திய புண்ணியவான் அதைப் பார்க்க உயிரோடு இருந்தாரோ என்னவோ!

பி.ஏ. படித்தவன் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகவேண்டும். இது தந்தையின் எண்ணம் மட்டுமல்ல, ஊரின் எண்ணம். தந்தையின் செல்வாக்கில் சன்னபட்டணத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்தது. மைசூர் ரோட்டில் மரப்பொம்மைக்குப் பேர் போன அதே சன்னபட்டணம்தான். டிரில் மாஸ்டர் வராத நாளில் அவருக்குப் பதிலாகப் போய்ப் பையன்களுக்குத் தேகப்பயிற்சி நடத்தும்படி தலைமை ஆசிரியர் உத்தரவு போட்டார். நாராயண் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு வந்துவிட்டார். சம்பள உத்தியோகம் அத்தோடு முடிந்தது. சுவாமியின் கதையில் போர்டு ஸ்கூல் டிரில் வகுப்புதான் பையனை ஊரை விட்டே ஓடவைக்கிறது. வாத்தியாராகத் தான் பட்டதை எழுத்தாளர் மாணவன் தலையில் ஏற்றிவிட்டார்.

ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா

எழுத்தில் முதல் வருஷ வருமானம் ஒன்பது ரூபாய் பன்னிரண்டு அணா. மாதச் சம்பளம் அல்ல, வருஷத்துக்கு! இங்கிலாந்தின் பழைய கப்பல் சட்டங்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு எழுதிய மதிப்புரைக்குக் கிடைத்த கூலி அது. அடுத்த வருஷம் ஹிந்து பத்திரிகையில் ஒரு சிறுகதை வந்தது. 18 ரூபாய் கிடைத்தது. மூன்றாம் வருஷம் குழந்தைகளுக்காக ஒரு கதை எழுதினார். 30 ரூபாய். குழந்தைக் கதைதான் மூன்றிலும் அதிகம் கொடுத்தது.

இதற்குள் கல்யாணமும் வந்துவிட்டது. 1933-ல் கோயம்புத்தூரில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோது, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தார். பார்த்தவுடனே மனம் போய்விட்டது. பெண்ணின் பெயர் ராஜம். அவளுடைய தந்தையும் தலைமை ஆசிரியர். ஜாதகம் பார்த்தால் செவ்வாய் குறுக்கே நின்றது. சோதிடர்கள் கூடாது என்றார்கள். நாராயண் விடவில்லை. கல்யாணம் நடந்தது.

மாப்பிள்ளைக்கு வருமானம் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! சென்னையிலிருந்து வந்த ஜஸ்டிஸ் பத்திரிகைக்கு மைசூர் நிருபராகச் சேர்ந்தார். பிராமணர் அல்லாதார் இயக்கத்தின் பத்திரிகை அது. அதற்கு ஓர் அய்யர் வீட்டுப் பிள்ளை நிருபர்! கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், முனிசிபல் கவுன்சில் கூட்டம், மார்க்கெட் சண்டை என்று காலையில் புறப்பட்டால் மத்தியானம் வரை நடை. அச்சான செய்தியை அங்குலம் அங்குலமாக அளந்து கூலி கொடுப்பார்கள். காசு சொற்பம்தான். ஆனால் மைசூர் தெருக்களில் அலைந்து பார்த்த மனிதர்கள் ஒவ்வொருவரும் பின்னால் மால்குடியில் கடை போட்டார்கள், சீட்டு எழுதினார்கள், வட்டிக்கு விட்டார்கள்.

தேம்ஸ் நதியில் போடு

சுவாமியின் கதை எழுதி முடிந்து பல பிரசுரகர்த்தர்களிடம் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. தபால் செலவுதான் மிச்சம். மைசூர் நண்பர் கிட்டு பூர்ணா அப்போது ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் பிரதி கடைசியில் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இனி அலைய வேண்டாம், ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று நாராயண் அவருக்கு எழுதிவிட்டார்.

நண்பர் ஆற்றங்கரைக்குப் போகவில்லை. அதே ஆக்ஸ்போர்டில் குடியிருந்த கிரகாம் கிரீன் வீட்டுக்குப் போனார். கிரீன் அப்போதுதான் பேர் வாங்கிக்கொண்டிருந்த நாவலாசிரியர். வயது முப்பது. கட்டைப் பிரித்துப் படித்தவர் சொக்கிப் போனார். ஹாமிஷ் ஹாமில்டன் என்ற லண்டன் பிரசுரகர்த்தரிடம் தாமே பேசி ஏற்கச் செய்தார். நீளமான பெயரை வெள்ளைக்கார வாசகர் வாயில் நுழையும்படி ஆர்.கே.நாராயண் என்று குறுக்கச் சொன்னவரும் அவர்தான். 1935-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சுவாமியும் நண்பர்களும் என்ற அந்தக் கதை இங்கிலீஷ் புத்தகமாக வெளிவந்தது.

கிரீனும் நாராயணும் நேரில் சந்தித்துக்கொண்டது அதற்கு இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, 1956-ல். அதுவரை எல்லாம் தபாலில்தான். அந்தச் சிநேகம் 1991-ல் கிரீன் இறக்கும்வரை நீடித்தது.

புத்தகத்தைப் பத்திரிகைகள் பாராட்டின. விற்பனை மட்டும் சொல்லும்படியாக இல்லை. அடுத்த இரண்டு நாவல்களுக்கும் இதே கதிதான். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பிரசுரகர்த்தரைத் தேட வேண்டியிருந்தது.

சுவாமி என்ன செய்தான்?

சிறுவர் சாகசக் கதை என்றால் புதையல் தீவும் கடற்கொள்ளைக்காரரும் இருக்கவேண்டும் என்பது வழக்கம். நாராயண் படித்து வளர்ந்த இங்கிலீஷ் பத்திரிகைகளில் அப்படித்தான் இருந்தது. சுவாமிக்குக் கப்பலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. சரயு ஆற்றங்கரை, இரண்டு பள்ளிக்கூடம், ஒரு கிரிக்கெட் குழு, இவ்வளவுதான். முரட்டு மணி, போலீஸ் சூப்பிரண்டு மகன் ராஜம், பட்டாணி என்று பட்டப்பெயர் வாங்கிய சாமுவேல் முதலியோர் கூட்டாளிகள்.

1930-ம் ஆண்டு. சுதேசிக் கூட்டத்தில் ஆவேசப் பேச்சைக் கேட்ட சுவாமி, தன் தொப்பியைக் கழற்றி நெருப்பில் போடுகிறான். மறுநாள் பள்ளிக்கூட மறியலில் கண்ணாடி உடைபடுகிறது. தலைமை ஆசிரியர் பிரம்பை எடுக்கிறார். பையன் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடுகிறான். அடுத்த பள்ளியிலும் பிரம்பு காத்திருக்கிறது. இந்தத் தடவை ஊரை விட்டே ஓட்டம். இருட்டில், நெடுஞ்சாலையில், காட்டோரத்தில் வழி தப்பி அலைகிறான். அவன் இல்லாமல் கிரிக்கெட் ஆட்டம் தோற்கிறது. உயிருக்கு உயிரான ராஜம் அவனோடு பேச மறுக்கிறான். கடைசியில் தந்தைக்கு மாற்றலாகி ராஜம் ரயில் ஏறும்போது, சுவாமி ஒரு கதைப் புத்தகத்தைப் பரிசாக எடுத்துக்கொண்டு ஓடிவருகிறான். ராஜம் மன்னித்தானா இல்லையா என்பது தெரியாமலே வண்டி போய்விடுகிறது.

பெரியவர்களுக்கு இதெல்லாம் அற்பம். பத்து வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உலகத்தில் கிடையாது. நாராயணின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. பையனைப் பார்த்து அவர் சிரிக்கிறார். ஆனால் பையனின் பயத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

பிற்பாடு எழுதிய ஒரு சிறுகதையும் இதே ரகம். புலியோடு போராடிய கிராமத்துப் பையனைப் பற்றிப் பேப்பரில் படித்த தந்தை, தைரியம் இருந்தால் இன்றிரவு என் ஆபீஸ் அறையில் தனியாகப் படு பார்க்கலாம் என்று சுவாமிக்குச் சவால் விடுகிறார். பையன் நடுங்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் சுருண்டுகொள்கிறான். இருட்டில் ஓர் உருவம் அசைகிறது. பிசாசுதான் வந்துவிட்டது என்று எண்ணி, எட்டிப் பிடித்து ஒரே கடி! கடிபட்டவன் போலீஸ் தேடிக்கொண்டிருந்த கன்னக்கோல் திருடன். மறுநாள் ஊரே வீரன் என்று கொண்டாடுகிறது. வீரனோ அன்று ராத்திரி பாட்டியின் பக்கத்தில்தான் தூங்குகிறான். இந்தக் கதை கர்நாடகத்தில் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாடமாக வைக்கப்பட்டது. இங்கே குடியேறிய தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பலரும் அதைப் படித்திருப்பார்கள்.

ராஜம் போன பிறகு

1937-ல் தந்தை காலமானார். பென்ஷன் நின்றது. கூட்டுக் குடும்பத்தின் சுமையைச் சகோதரர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த நெருக்கடியில் திவான் மிர்சா இஸ்மாயில் அரசு செலவில் மைசூர் ராஜ்யத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதும் வேலையைக் கொடுத்தார். பஸ்ஸிலும் ரயிலிலும் ராஜ்யம் முழுவதும் சுற்றி அதை எழுதினார்.

1939-ம் ஆண்டு ஜூன் மாதம் ராஜம் டைபாயிடு ஜுரத்தில் இறந்துபோனாள். டைபாயிடுக்கு மருந்து கண்டுபிடித்துப் புழக்கத்துக்கு வர அதன் பிறகு பத்து வருஷம் ஆயிற்று. குழந்தை ஹேமாவுக்கு மூன்று வயது. சுவாமியின் கதையில் கடைசியில் ரயில் ஏறிப் போன நண்பனுக்கும் ராஜம் என்றுதான் பெயர். அதை எழுதியபோது மனைவியாக வரப்போகிறவளை அவர் பார்த்ததுகூட இல்லை.

பேனா ஓய்ந்துவிட்டது. சென்னையில் ஒரு வக்கீல் ஆவிகளோடு பேசுகிறார் என்று கேள்விப்பட்டு அங்கே போய் உட்கார்ந்தார். மனைவியின் செய்தி வருகிறது என்று நம்பினார். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்கள் தள்ளலாம். அந்த மனிதருக்கு அது மறுபடி எழுந்து நடக்க ஒரு கைத்தடியாக இருந்தது. 1945-ல் வந்த இங்கிலீஷ் டீச்சர் நாவல் ஏறக்குறைய அவருடைய சொந்தக் கதை. மனைவியை டைபாயிடுக்குப் பறிகொடுத்த கல்லூரி ஆசிரியர் ஒருவர், நல்ல சம்பளத்தை உதறிவிட்டுக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறார். துக்கம் தாங்காதபோதும் நாராயணின் கதை குழந்தைகள் பக்கமே போயிற்று. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

யுத்த காலத்தில் மைசூரில் இந்தியன் தாட் என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். மூன்று இதழோடு நின்றது. அதே பெயரில் தொடங்கிய பிரசுராலயம் மட்டும் நிலைத்தது. பத்திரிகையை அச்சடித்துக் கொடுத்த வாய்ச்சாலக அச்சகக்காரர்தான் சம்பத் என்ற பாத்திரமானார். எஸ்.எஸ்.வாசன் அதைச் சினிமாவாக்கினார். 1947-ல் வந்த மிஸ் மாலினி படத்தில் கொத்தமங்கலம் சுப்பு சம்பத்தாக நடித்தார், புஷ்பவல்லி கதாநாயகி. ஜெமினி கணேசன் முதன்முதலில் திரையில் தலைகாட்டிய படமும் அதுவே.

பிறகு வந்த புகழை ஊரறியும். 1958-ல் கைடு நாவல். மழைக்காக மைசூரில் காவேரி ஆற்றில் நின்று ஜபம் செய்த பிராமணர்களைப் பற்றிய செய்தி அவர் மனதில் விழுந்து கிடந்தது. அதை அமெரிக்காவில் பெர்க்லி நகரத்து ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதினார். 1960-ல் சாகித்திய அகாதெமி பரிசு. இங்கிலீஷில் எழுதிய இந்தியருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. 1964-ல் பத்மபூஷண். தேவ் ஆனந்த் அதை 1965-ல் இந்திப் படமாக எடுத்தார். மைசூர்ப் பக்கத்து இடங்களையெல்லாம் காட்டியும் படக்காரர்கள் ராஜஸ்தானத்துக்குப் போய்விட்டார்கள் என்று நாராயணுக்குக் கடைசிவரை மனக்குறை.

தம்பி வரைந்த சுவாமி

கடைசித் தம்பி லட்சுமணன் மைசூரில் 1921-ல் பிறந்தவர். அண்ணனைவிடப் பதினைந்து வயது இளையவர். கல்லூரியில் படிக்கும்போதே அண்ணனின் கதைகளுக்கு ஹிந்து பத்திரிகையில் படம் போடத் தொடங்கினார். பின்னால் பம்பாயில் ஆர்.கே.லக்ஷ்மண் என்ற பெயரில் கார்ட்டூன் உலகையே ஆண்டார். தொப்பி, பை, கலைந்த தலை, இப்படித்தான் சுவாமி இருப்பான் என்று வாசகர்கள் நம்புவதற்குத் தம்பியின் கோடுகளும் காரணம்.

1986-ல் அந்தக் கோட்டுப் படங்களுக்கு உயிர் வந்தது. கன்னட நடிகர் சங்கர் நாக், மால்குடி டேஸ் என்ற தொடரை தூர்தர்ஷனுக்காக இயக்கினார். ஷிமோகா ஜில்லாவில் மழைக்குப் பேர் போன ஆகும்பே கிராமமே மால்குடியாக மாறியது. சிறுவன் மஞ்சுநாத் சுவாமியாக நடித்தான். கிரீஷ் கர்நாட் தந்தையாக வந்தார். நம்மவர் எல்.வைத்தியநாதன் போட்ட இசையைக் கேட்டாலே, ஞாயிற்றுக்கிழமை பையன்போல் மனசு துள்ளும். அதுவரை புத்தகம் படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சுவாமி, டி.வி. பெட்டி இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தப் பிள்ளையானான்.

அதே 1986-ல் நாராயணை ராஜ்ய சபைக்கு நியமித்தார்கள். டில்லி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கட்சிச் சண்டையில் கலந்துகொள்ளவும் இல்லை. 1989-ல், தம்முடைய 82-ம் வயதில் எழுந்து பேசினார். விலைவாசி பற்றியோ, மந்திரிகள் பற்றியோ அல்ல. பள்ளிக்கூடப் பையின் கனத்தைப் பற்றி! பிஞ்சுக் குழந்தைகள் பொதிமாடுகள்போல் புத்தக மூட்டை சுமந்து கூன் விழுந்து நடக்கிறார்கள், விளையாடக்கூட நேரம் விடுவதில்லை, பையையே ஒழித்துவிடுங்கள் என்பது அவர் கோரிக்கை. சபை கவனித்துக் கேட்டது. 1992-ல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. சுமையில்லாத கல்வி என்ற அறிக்கை மறு வருஷம் வந்தது. அறிக்கை வந்தும் பை இளைக்கவில்லை என்பது வேறு விஷயம். எந்த ஊர் பஸ் நிறுத்தத்திலும் காலை எட்டு மணிக்கு அதைப் பார்க்கலாம்.

யாதவகிரி வீடு

அறுபது வருஷத்துக்கு மேல் மைசூரில் வாழ்ந்த நாராயண், வயதான காலத்தில் சென்னைக்குக் குடிபோனார். 1994-ல் மகள் ஹேமா இறந்தது பெரிய இடி. 2000-ல் பத்மவிபூஷண் கிடைத்தது. 2001-ம் ஆண்டு மே 13-ந் தேதி, 94-ம் வயதில் சென்னையில் காலமானார்.

மைசூர் ரயில் நிலையத்துக்கு அப்பால் யாதவகிரியில் அவர் ஆசையாகக் கட்டிய வீடு கொஞ்சநாள் கேட்பாரற்றுக் கிடந்தது. 2011-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்ததும் ஊர் கொதித்தது. இடிப்பு நின்றது. அரசுப் பணத்தில் அதை வாங்கி நினைவகம் ஆக்கும் யோசனைக்குக் கன்னட எழுத்தாளர்கள் சிலர் ஆட்சேபம் சொன்னார்கள். அவர் தமிழர், கன்னடத்தில் எழுதாதவர் என்பது அவர்கள் வாதம். தமிழில்தான் எழுதினாரா என்றால் அதுவும் இல்லை. வீட்டில் பேசியது தமிழ், தெருவில் கேட்டது கன்னடம், எழுதியது இங்கிலீஷ். வீட்டைக் காப்பாற்றக் குரல் கொடுத்தவர்களிலும் மைசூர்க் கன்னடியர்களே அதிகம். கடைசியில் நகரசபை வீட்டைப் பழுது பார்த்து, 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் நினைவில்லமாகத் திறந்தது. பெங்களூர் யஷ்வந்த்பூரையும் மைசூரையும் இணைத்த ஒரு ரயிலுக்கும் மால்குடி எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள். இல்லாத ஊருக்கு நிஜமான வண்டி!

வீட்டு மாடியில் எட்டு ஜன்னல்கள் வைத்த ஓர் அறை இருக்கிறது. எழுதுவதற்கென்றே நாராயண் திட்டம் போட்டுக் கட்டியது. ஒரு பக்கம் சாமுண்டி மலைக் கோயில், ஒரு பக்கம் ஊரின் கோபுரங்களும் கலசங்களும், கீழே மேயும் ஆடுமாடுகள், தூரத்தில் ஊர்ந்து போகும் ரயில், வாசலில் பூத்துக் குலுங்கும் அரளி மரம். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாரே தவிர, ஒரு வரி ஓடவில்லை. கடைசியில் கனமான திரைச்சீலை ஒன்றை வாங்கி வந்து ஜன்னலை மறைத்துவிட்டு, துணியைப் பார்த்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.